இளையவர்களுக்கு வழிகாட்டியாக இருக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

12 வயதிலிருந்து 20-களின் நடுப்பகுதி வரை உள்ள ஒருவருக்குத் துணையாக இருக்க ஒப்புக்கொண்டவர்களுக்கும், ஒப்புக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். நீங்கள் ஓர் அமைப்பு மூலம் சேர்ந்திருக்கலாம். புதிதாக வேலைக்கு வந்தவரைக் கவனித்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். தெரிந்தவர் யாராவது "என் பையனோட கொஞ்சம் பேசுங்களேன்" என்று கேட்டிருக்கலாம். எப்படி வந்தாலும் மனதில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பதில்களில் என் சார்பு தெரியும், அதை முன்பே சொல்லிவிடுகிறேன்: நன்றாகப் பேசத் தெரிந்தவரைவிட, சொன்ன நாளில் வந்து நிற்பவரே நல்ல வழிகாட்டி என்பது என் கட்சி.

வழிகாட்டி என்னதான் செய்ய வேண்டும்?

ஆசிரியருக்குப் பாடத்திட்டம் இருக்கிறது. பெற்றோருக்குப் பொறுப்பும் பயமும் இருக்கின்றன. மனநல ஆலோசகருக்குப் பயிற்சி இருக்கிறது. வழிகாட்டிக்கு இவை எதுவும் கிடையாது. அவர் மதிப்பெண் போடுவதில்லை, தண்டிப்பதில்லை, சிகிச்சை தருவதில்லை. வயதில் சிறிய ஒருவரைக் குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்கிறார், அவர் சொல்வதைக் கேட்கிறார், தெரிந்த வழியைச் சொல்கிறார், தெரியாதபோது தெரிந்தவரிடம் அழைத்துப்போகிறார். அவ்வளவுதான்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு பதின்வயதினர் அன்றாடம் பார்க்கும் பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோருமே அவரிடமிருந்து எதையாவது எதிர்பார்ப்பவர்கள். மதிப்பெண், கீழ்ப்படிதல், வேலை, ஏதோ ஒன்று. எதையும் எதிர்பார்க்காமல் ஒருவர் வந்து உட்காருவது அபூர்வம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்திருந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் ஒன்று, சிறுவயதில் நிலையாக அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது இருந்தது. தாத்தா பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். அப்படி ஒருவர் தானாக அமையாதவர்களுக்கு அவரை ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் வழிகாட்டித் திட்டங்களின் வேலை.

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா? நம் திருப்திக்குச் செய்கிறோமா?

பலன் உண்டு. ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

அமெரிக்காவில் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இந்த வேலையைச் செய்துவருகிறது. அதைப் பற்றிய ஓர் ஆய்வு 1995-இல் வெளியானது. 10 முதல் 16 வயது வரையிலான 959 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு உடனே வழிகாட்டியை ஏற்பாடு செய்தார்கள், மறுபாதியினரைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, வழிகாட்டி கிடைத்தவர்கள் போதைப்பொருளைத் தொடத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதம் குறைவாக இருந்தது. மதுவைத் தொடத் தொடங்கும் வாய்ப்பு 27 சதவீதம் குறைவு. பள்ளிக்கு மட்டம் போடுவதும் பாதியாகக் குறைந்திருந்தது. இத்தனைக்கும் அந்த வழிகாட்டிகள் போதை பற்றி வகுப்பு எடுத்தவர்கள் அல்ல. சேர்ந்து விளையாடினார்கள், சாப்பிட்டார்கள், பேசினார்கள்.

இதை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. டேவிட் டுபாய்ஸ் குழுவினர் 2011-இல் 73 திட்டங்களின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது கிடைத்த சராசரிப் பலன் மிதமானதுதான். வழிகாட்டி இல்லாத 100 பேரை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் 50-ஆவது இடத்தில் இருப்பார் அல்லவா? வழிகாட்டி உள்ள சராசரி இளையவர் ஏறக்குறைய 59-ஆவது இடத்தில் நிற்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம். நடத்தை, படிப்பு, மனநிலை என்று பல பக்கங்களிலும் ஒரே நேரத்தில் சிறு முன்னேற்றம் வருகிறது என்பதால் இதை நான் குறைவாக நினைக்கவில்லை.

கெட்ட செய்தியும் ஒன்று உண்டு. ரிச்சர்ட் காபட் என்ற மருத்துவர் திட்டமிட்ட ஒரு பெரிய முயற்சி 1930-களின் இறுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கியது. 506 சிறுவர்களில் பாதிப்பேருக்குச் சில ஆண்டுகள் ஆலோசகர்கள் வீடு தேடி வந்தார்கள், பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், மருத்துவ உதவி செய்தார்கள், கோடை முகாம்களுக்கு அனுப்பினார்கள். சுமார் 30 ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். மூன்றில் இரண்டு பங்கினர் "அது எனக்கு உதவியது" என்றுதான் சொன்னார்கள். ஆனால் உதவி பெறாத மறுபாதியினரோடு ஒப்பிட்டால் குற்றத்தைத் திரும்பச் செய்வது, குடிப்பழக்கம், சீக்கிரம் இறப்பது என்று பலவற்றில் உதவி பெற்றவர்கள்தான் மோசமாக இருந்தார்கள்! பின்னால் 1999-இல் வந்த ஓர் அலசல், கோடை முகாம்களுக்கு ஒரு தடவைக்கு மேல் போனவர்களிடம்தான் இந்தத் தீங்கு தெரிகிறது என்று காட்டியது. தொல்லை கொடுக்கும் பையன்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். நல்லெண்ணம் இருப்பதும், அந்த இளையவருக்கு நம்மைப் பிடித்திருப்பதும், நன்மை நடக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. எப்படிச் செய்கிறோம் என்பதைப் பார்த்தே ஆக வேண்டும்.

என் வாழ்க்கையே இன்னும் ஒழுங்காகவில்லை. எனக்குத் தகுதி இருக்கிறதா?

ஒழுங்கான வாழ்க்கை தேவையில்லை. ஒழுங்கான நாள்காட்டி போதும். வேலை போகும் கட்டத்தில், வீடு மாறும் கட்டத்தில், கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் இருக்கும் கட்டத்தில் மட்டும் தொடங்காதீர்கள். ஆறு மாதம் தள்ளிப்போட்டு வருவது பொறுப்பான முடிவு, தயக்கம் அல்ல.

தகுதிக் குறைவு என்று நான் நினைப்பது வேறொன்று. "எனக்குக் கிடைக்காததை இவனுக்குக் கொடுக்க வேண்டும்" என்ற வேகத்தோடு வருகிறவர்கள் சிலர் உண்டு. அவர்கள் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதில்லை, தங்கள் பழைய உருவத்தைத்தான் பார்க்கிறார்கள்.

எவ்வளவு நேரம், எவ்வளவு காலம்?

வாரம் ஒரு முறையோ, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ, ஒன்றிரண்டு மணி நேரம். குறைந்தது ஓராண்டு.

அந்த ஓராண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மேலே சொன்ன 1995 ஆய்வின் தரவுகளை ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் மறுபடி அலசி 2002-இல் வெளியிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பலன் பரவலாகத் தெரிந்தது. அதைவிடக் குறைந்த காலத்தில் பலனும் குறைந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளிலோ நிலைமை தலைகீழ்: அந்தப் பிள்ளைகள் தங்களைப் பற்றி முன்பைவிடத் தாழ்வாக நினைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஏற்கெனவே பெரியவர்கள் வந்து வந்து போன வாழ்க்கையில் இன்னொருவரும் வந்து போனால், "என்னிடம்தான் ஏதோ குறை" என்று தோன்றுவது இயல்புதானே.

அதனால் முழு மனதோடு ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் வேறு வழியில் உதவுங்கள். ஒரு நாள் பயிலரங்கு நடத்தலாம், விண்ணப்பம் எழுத ஒருமுறை உதவலாம், உங்கள் பணியிடத்தைச் சுற்றிக் காட்டலாம். எல்லாமே நல்ல உதவிதான். "நான் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

முதல் சந்திப்பில் என்ன பேசுவது?

கொஞ்சமாகப் பேசுங்கள். உங்கள் பெயர், என்ன வேலை, ஏன் வந்தீர்கள் என்பதை இரண்டு வரியில் சொல்லலாம். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சந்திக்கலாம், எங்கே, வர முடியாவிட்டால் எப்படிச் சொல்வது, என்னென்ன விஷயங்களை ரகசியமாக வைக்க முடியாது என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். அப்புறம் அவருக்குப் பிடித்த எதையாவது உங்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு விளையாட்டு, ஒரு செயலி, ஒரு பாட்டின் பின்னணி, எதுவானாலும் சரி. அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத ஒன்றிலிருந்து தொடங்கினால் முதல் நாளே தராசு கொஞ்சம் சமமாகும்.

"பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய்?" என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். பார்க்கிற எல்லோரும் அதைக் கேட்டுவிட்டார்கள். எல்லோரிடமும் சொல்லிப் பழகிய பதிலைத்தான் உங்களிடமும் சொல்வார்.

அவர் பேசவே மாட்டேன் என்கிறார். "ம்", "தெரியல", "ஓகே" இவ்வளவுதான். என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கேட்பவரின் குரலில் எப்போதும் ஒரு தோல்வி உணர்வு இருக்கும். முதல் இரண்டு மூன்று மாதம் இப்படித்தான் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் கவலை போய்விடும்.

நேருக்கு நேர் உட்காருவதை நிறுத்திப் பாருங்கள். எதிரெதிராக இரண்டு நாற்காலி, நடுவில் மேசை, கண்ணைப் பார்த்துக் கேள்வி. இது பதின்வயதினருக்கு விசாரணை மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் இருந்து செய்யும் எதுவும் இதைவிட நல்லது: நடப்பது, சமைப்பது, பந்து போடுவது, சைக்கிளைக் கழற்றி மாட்டுவது. கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். திறக்காவிட்டாலும் இரண்டு பேரும் ஒரு வேலையைச் செய்து முடித்திருப்பீர்கள்.

கேள்வியின் வடிவத்தையும் மாற்றிப் பாருங்கள். "ஸ்கூல் எப்படிப் போச்சு?" என்றால் "நல்லா போச்சு". கதவு மூடிவிட்டது. "இன்னைக்கு எந்த வகுப்புல நேரம் நகரவே இல்ல?" என்றால் ஒரு பெயராவது வரும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு "அப்படி என்ன நடத்தினாங்க?" என்று ஒரு அடி போகலாம். இரண்டு அடி வேண்டாம்.

மௌனத்தை நிரப்பாதீர்கள். இது கஷ்டம்தான். நமக்குச் சங்கடமாக இருக்கும் இடைவெளியில் அவர் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். நாம் அவசரமாக ஒரு நகைச்சுவையை எடுத்துவிட்டால் அந்த யோசனை அங்கேயே முடிந்துவிடும்.

முக்கியமான பேச்சு பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில், கிளம்பும்போதுதான் வரும். "அப்புறம்… ஒண்ணு சொல்லணும்" என்று. அடுத்த வேலைக்கு ஓட வேண்டிய நாளில் சந்திப்பை வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். உண்மையிலேயே நேரமில்லை என்றால், "இது முக்கியம், அவசரமாகக் கேட்க விரும்பல, நாளைக்கு அஞ்சு மணிக்குக் கூப்பிடறேன்" என்று சொல்லி, அந்த ஐந்து மணிக்குக் கூப்பிடுங்கள்.

அப்படியானால் அறிவுரையே சொல்லக் கூடாதா?

சொல்லலாம். கேட்டால்.

1990-களில் கிறிஸ்டின் மாரோவும் மெலனி ஸ்டைல்ஸும் வழிகாட்டியும் இளையவருமாகச் சேர்ந்த 82 இணைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சில வழிகாட்டிகள் முதலிலேயே "இவனைத் திருத்த வேண்டும், மதிப்பெண்ணை உயர்த்த வேண்டும்" என்று இலக்கோடு வந்து, வேகத்தையும் பேச்சையும் தாங்களே தீர்மானித்தார்கள். மற்றவர்கள் முதலில் பழகினார்கள், என்ன செய்யலாம் என்று இளையவரிடம் கேட்டார்கள், நம்பிக்கை வந்த பிறகு படிப்பு, எதிர்காலம் பக்கம் போனார்கள். முதல் வகை உறவுகள் பெரும்பாலும் பாதியில் நின்றன, இரண்டாம் வகை உறவுகள் பெரும்பாலும் நீடித்தன. இதில் கவனிக்க வேண்டியது, இரண்டாம் வகையினரும் கடைசியில் படிப்பைப் பற்றிப் பேசத்தான் செய்தார்கள். வரிசைதான் வேறு.

அறிவுரை ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு வில்லியம் மில்லர், ஸ்டீபன் ரோல்னிக் என்ற இருவரின் ஆலோசனை முறை நல்ல விளக்கம் தருகிறது. ஒரு மாற்றத்தைப் பற்றி யாருக்கும் இரண்டு மனம் இருக்கும்: செய்யலாம், வேண்டாம். நாம் "செய்" என்ற பக்கத்தை எடுத்துப் பேசினால் அவருக்கு மிச்சமிருப்பது "வேண்டாம்" பக்கம் மட்டும். தன் வாயாலேயே அதற்குக் காரணங்கள் சொல்லச் சொல்ல அதையே நம்பவும் தொடங்குவார். படிப்பை விட்டுவிடப்போவதாகச் சொல்லும் ஒருவரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்:

"காலேஜை விட்டுடலாம்னு இருக்கேன்."
"ம். எப்போ இருந்து இப்படித் தோணுது?"
"ரெண்டாவது செமஸ்டர்ல இருந்து. ஒண்ணும் புரியல."
"முழுசா விடணும்னு பத்துக்கு எவ்வளவு தோணுது?"
"ஒரு… ஏழு."
"பத்து இல்லையா? அந்த மூணு எதுக்கு?"
"லேப் மட்டும் புடிக்கும்."

இப்போது பேசுவதற்கு ஒன்று கிடைத்துவிட்டது. நாம் ஒரு வாதமும் வைக்கவில்லை. "விட்டுட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்று தொடங்கியிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

உங்கள் கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால் அனுமதி கேளுங்கள். "எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா?" வேண்டாம் என்றால் சொல்லாதீர்கள். ஆபத்தான விஷயங்கள் இதற்கு விலக்கு, அவை கீழே.

பாராட்டுவதிலும் தவறு நடக்குமா?

நடக்கும். 1998-இல் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் வெளியிட்ட சோதனைகளில், "நீ கெட்டிக்காரன்" என்று பாராட்டு வாங்கிய குழந்தைகள், அடுத்து கடினமான புதிர்களில் தோற்றபோது சீக்கிரம் துவண்டுபோனார்கள். "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்று பாராட்டு வாங்கியவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். பதின்வயதில் இதை அப்படியே எடுத்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் "நல்ல முயற்சி" என்று சொன்னாலும் எடுபடாது, ஆறுதல் பரிசு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். என்ன செய்தார் என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: "மூணாவது பத்தியை அடிச்சுட்டுத் திரும்ப எழுதியிருக்கே, அதுக்கப்புறம்தான் உன் வாதம் தெளிவாச்சு."

குறை சொல்ல வேண்டியிருந்தால்? டேவிட் யேகரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஆசிரியர் திருத்திக் கொடுத்த கட்டுரைகளோடு மாணவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. சிலருக்கு அது பொதுவான குறிப்பு. மற்றவர்களுக்கு, "உன்னிடம் உயர்ந்த எதிர்பார்ப்பு வைத்திருக்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இத்தனை திருத்தங்கள்" என்ற பொருளில் ஒரு குறிப்பு. இரண்டாவதைப் பெற்றவர்களில் கட்டுரையைத் திருத்தி எழுதியவர்கள் கூடுதல். ஆசிரியர்கள் மேல் நம்பிக்கை குறைந்திருந்த கறுப்பின மாணவர்களிடம் வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தது. தரத்தைக் குறைக்காமல், மரியாதையையும் குறைக்காமல் சொன்னால் கடுமையான திருத்தத்தையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

தெரிந்தே தப்பு செய்கிறார். எல்லாம் புரிகிற மாதிரிதான் பேசுகிறார், அடுத்த வாரம் பார்த்தால் மறுபடியும் அதே.

அவர் பேச்சு, செயல் இரண்டுமே உண்மைதான். உங்களோடு அமைதியாக உட்கார்ந்து யோசிக்கும்போது ஒரு 16 வயதுக்காரர் பெரியவர் அளவுக்கு நன்றாகவே யோசிப்பார். நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. 2005-இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் கார் ஓட்டும் கணினி விளையாட்டைக் கொடுத்துச் சோதித்தார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்வயதினர் தனியாக ஆடியதைவிடச் சுமார் இரண்டு மடங்கு துணிந்து ஆபத்தை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

எனவே "இது தப்பு" என்று மறுபடி விளக்கிப் பயனில்லை, அது அவருக்குத் தெரியும். அந்தச் சூழலுக்கு முன்கூட்டியே ஒரு திட்டம் போட உதவுங்கள். "அவங்க வண்டியில ஏறச் சொன்னா, நீ என்ன சொல்லுவே?" வாக்கியத்தையே யோசித்து வைத்துக்கொள்ளட்டும். நண்பர்கள் முன்னால் மானம் போகாமல் விலகுவதற்கு ஒரு சாக்கு தேவை. அந்தச் சாக்கு நீங்களாகவே இருந்தாலும் சரி: "அவர் இப்ப கூப்பிடுவார்டா, நான் போகணும்."

என் சொந்தக் கதையைச் சொல்லலாமா?

அவருக்குப் பயன்படும் என்றால், சுருக்கமாகச் சொல்லலாம். சொல்லி முடித்ததும் பேச்சு அவரிடம் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். உங்களை அவர் தேற்றும் நிலைமை வந்துவிட்டால் அளவு தாண்டிவிட்டீர்கள்.

பணம் கேட்டால்?

கொடுக்காதீர்கள், கடனாகவும் வேண்டாம். பணம் நடுவில் வந்ததும் அவர் உங்களைப் பார்க்கத் தயங்குவார், அல்லது அதற்காகவே பார்ப்பார். தேவை உண்மையானால் உதவித்தொகை, அமைப்பின் நிதி, பள்ளி நிர்வாகம் என்று வழிகளைச் சேர்ந்து தேடுங்கள். பசி, மருந்து மாதிரியான அவசரம் என்றால் அன்றைக்கே அமைப்பின் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

"யாரிடமும் சொல்லாதீங்க" என்று ஒன்றைச் சொல்ல வருகிறார். என்ன செய்வது?

அவர் சொல்வதற்கு முன்பே நிறுத்தி, "நீ சொல்றது எல்லாத்தையும் என்கிட்டயே வெச்சுப்பேன். ஆனா உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்து, இல்ல யாராவது உன்னைத் துன்புறுத்தறாங்கன்னா, உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். இதைக் கேட்ட பிறகும் பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். சொல்லலாம் என்றுதான் வந்திருக்கிறார்கள்.

தற்கொலை பற்றிய அறிகுறி தெரிந்தால் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. மடலின் கூல்ட் குழுவினர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்கள், கேட்கப்பட்ட பிறகு, கேட்கப்படாதவர்களைவிடக் குறைந்த மன உளைச்சலோடுதான் இருந்தார்கள். "ஆமாம்" என்று பதில் வந்தால் பதறாமல் கேளுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், அன்றே பெற்றோரையோ பொறுப்பாளரையோ மனநல உதவி எண்ணையோ தொடர்புகொள்ளுங்கள். சிகிச்சை உங்கள் வேலை இல்லை. அதுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை.

பாலியல் துன்புறுத்தல், வீட்டில் அடி என்று தெரியவந்தால் நீங்களே துப்பறியாதீர்கள். யார், எப்போது, எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்பது அவரையும் வதைக்கும், பின்னால் நடக்கும் விசாரணையையும் கெடுக்கும். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். "சொன்னது நல்லது, இது உன் தப்பில்ல" என்று சொல்லுங்கள். குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் தாமதமின்றித் தெரிவியுங்கள்.

தனியாகச் சந்திக்கலாமா? மெசேஜ் அனுப்பலாமா?

மற்றவர்கள் பார்க்கக்கூடிய இடத்தில் தனியாகப் பேசலாம். நூலகம், பூங்கா, கதவு திறந்த அறை. உங்கள் வீட்டுக்கு அழைப்பது, இரவில் காரில் கூட்டிப்போவது, தானாக அழிந்துபோகும் மெசேஜ்கள், இவை வேண்டாம். எங்கே, எப்போது சந்திக்கிறீர்கள் என்பது அவருடைய வீட்டாருக்கோ அமைப்புக்கோ தெரிந்திருக்க வேண்டும். சேரும்போது காவல்துறைச் சரிபார்ப்பு, பரிந்துரைக் கடிதம் எல்லாம் கேட்டால் கோபப்படாதீர்கள். எதுவுமே கேட்காத அமைப்பைப் பார்த்துத்தான் நான் யோசிப்பேன்.

பெற்றோரை எப்படிக் கையாள்வது?

முதலில் "கையாள்வது" என்ற எண்ணத்தை விடுங்கள். அந்தப் பிள்ளையை உங்களுக்கு முன்பும் உங்களுக்குப் பின்பும் பார்த்துக்கொள்ளப்போகிறவர்கள் அவர்கள். நீங்கள் வாரத்தில் இரண்டு மணி நேரம் வந்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போகிறவர். இதில் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆரம்பத்திலேயே பாருங்கள், சந்திப்பில் பொதுவாக என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள், பிள்ளையிடம் கண்ட ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லுங்கள். ஆனால் ஒற்றர் வேலை பார்க்காதீர்கள். "அவன் யாரோடயாவது சுத்தறானா, கேட்டுச் சொல்லுங்க" என்றால், "அதை நீங்களே அவன்கிட்ட பேசறது நல்லது. நான் கேட்டுச் சொன்னா என்கிட்டயும் பேச மாட்டான்" என்று சொல்லிவிடலாம்.

பெற்றோரைப் பற்றி இளையவர் குறை சொல்லும்போது சேர்ந்து குறை சொல்லாதீர்கள். அவர் நாளைக்குச் சமாதானமாகிவிடுவார், நீங்கள் சொன்ன வார்த்தை மட்டும் நிற்கும்.

ஆண், பெண், சமூகப் பின்னணி எல்லாம் ஒத்திருக்க வேண்டுமா?

சில இளையவர்களுக்கு அது முக்கியம். அவர்கள் கேட்டால் மதிக்க வேண்டும். மற்றபடி, மேலே சொன்ன 2011 தொகுப்பில், ஒரே மாதிரி ஆர்வங்களைப் பார்த்து இணை சேர்த்த திட்டங்களில் பலன் கூடுதலாக இருந்தது. வேறு பின்னணியிலிருந்து வருபவர், "எனக்குத் தெரியாது, சொல்லு" என்று கேட்கத் தயாராக இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். "நானும் கஷ்டப்பட்டுத்தான் வந்தேன், எல்லாம் ஒண்ணுதான்" என்பது மட்டும் வேண்டாம். எல்லாம் ஒன்றல்ல.

சொன்னபடி வருவதில்லை. மெசேஜுக்குப் பதிலும் இல்லை. ஆர்வம் இல்லை என்று விட்டுவிடலாமா?

காலை ஒன்பது மணிக்குச் சந்திப்பு வைத்திருக்கிறீர்களா? பதின்வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது, தூக்கம் வருவதும் விழிப்பு வருவதும் தாமதமாகும். அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நேரத்தை மாற்றிப் பாருங்கள், பிரச்சினை அத்தோடு தீர்ந்தாலும் தீர்ந்துவிடும். அடுத்து பேருந்துக் காசு, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, பகுதிநேர வேலை. இவற்றை அவராகச் சொல்ல மாட்டார்.

இவை எதுவும் இல்லையென்றால் உங்களைச் சோதிக்கிறார் என்றும் இருக்கலாம். வராவிட்டால் இவரும் போய்விடுவாரா என்று. குத்தலான மெசேஜ் அனுப்பாமல், "இன்னைக்குப் பார்க்க முடியல. அடுத்த வியாழன் அதே இடம், அதே நேரம், நான் வருவேன்" என்று அனுப்பிவிட்டு, போய் இருங்கள். சில வாரங்கள் தொடர்ந்து இப்படியே போனால் பொறுப்பாளர் மூலம் வெளிப்படையாகக் கேளுங்கள், தொடர விருப்பமா என்று. விருப்பமில்லை என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

வேலை, கல்லூரி விஷயத்தில் எப்படி உதவுவது?

உங்கள் தொடர்புகளைத் திறந்துவிடுங்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இலேயே காட்டினார்: பலருக்கு வேலை பற்றிய தகவல் கிடைத்தது நெருங்கியவர்களிடமிருந்து அல்ல, எப்போதாவது பார்க்கும் அறிமுகங்களிடமிருந்து. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட அறிமுகங்கள் அப்பா அம்மா வழியாகத் தானாக வந்துவிடும். மற்றவர்களுக்கு யாரையும் தெரியாது. இதை அவர்கள் பல சமயம் தங்கள் திறமைக் குறைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நான்கு பேரை அறிமுகப்படுத்துங்கள். ஆனால் மின்னஞ்சலை அவரே எழுதட்டும், நீங்கள் பார்த்துத் திருத்துங்கள். கூப்பிட்டுப் பேச வேண்டிய போனை உங்கள் எதிரில் ஒத்திகை பார்க்கட்டும். அப்படிப் பழகிவிட்டால், அடுத்த அறிமுகத்துக்கு உங்களைத் தேட மாட்டார்.

நம் முயற்சி பலன் தருகிறது என்று எப்படித் தெரியும்?

நன்றி சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். நான் பார்க்கும் அடையாளங்கள் சின்னவை. நீங்கள் கேட்காமலே ஒன்றைச் சொல்கிறார். உங்களோடு ஒத்துப்போகாமல் வாதம் செய்கிறார். முன்பு சொன்னதை நீங்கள் ஞாபகம் வைத்திருக்கிறீர்களா என்று பார்க்கிறார். இன்னொரு பெரியவரிடம் உதவி கேட்கிறார். கடைசியில் சொன்னதுதான் எனக்கு முக்கியம். உங்களை மட்டுமே நம்பியிருந்தால் ஏதோ சரியில்லை.

எப்படி முடிப்பது?

முன்கூட்டியே. முடிவு தேதி தெரிந்ததும் ஒன்றிரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள், காரணத்தை உண்மையாகச் சொல்லுங்கள். வேலை மாற்றம் என்றால் வேலை மாற்றம். காரணம் தெரியாவிட்டால் அவரே ஒன்றைக் கற்பித்துக்கொள்வார், பெரும்பாலும் தன் மேல் பழி போட்டு. அந்த நாட்களில் அவர் திடீரென்று கோபமாகவோ அலட்சியமாகவோ நடந்துகொண்டால், விட்டுப்போகிறவரை முந்திக்கொண்டு விடுவது அது. புண்பட வேண்டாம்.

கடைசிச் சந்திப்பில் சேர்ந்து என்ன செய்தீர்கள் என்று பேசுங்கள். முதல் மாதத்தில் முடியாமல் இருந்து இப்போது முடிகிற ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அதன் பிறகு தொடர்பு எப்படி இருக்கும் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வருடத்தில் இரண்டு முறை பேச முடியும் என்றால் இரண்டு முறை என்று சொல்லுங்கள். "எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்பதை, எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுக்கக்கூடியவர் மட்டும் சொல்லலாம்.

முடிந்ததும் உடனே இன்னொருவரை ஏற்கலாமா?

ஒரு மாதமாவது விடுங்கள். புதியவரைப் பழையவரோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் அவருக்கு அது தெரிந்துவிடும்.